படிக்கட்டில் கிடக்கும் சாமானை எங்கிருந்து எடுக்கத் தொடங்குவது?

கொருக்குப்பேட்டையில் ஒன்பது வீடுகள் உள்ள ஒரு பழைய ஃபிளாட்டுக்குப் புதிதாகச் செயலாளர் ஆகியிருக்கும் சகோதரி ஒருவர் கேட்டிருக்கிறார். தரைத்தளம், மேலே இரண்டு மாடி, லிஃப்ட் கிடையாது, கட்டி 22 வருடம். படிக்கட்டு முழுக்கச் செருப்பு ஸ்டாண்டு, சைக்கிள், உடைந்த நாற்காலி, தண்ணீர் கேன். கீழே ஈபி பாக்ஸை ஒட்டி பைக் நிற்கிறது. குப்பைப் பையை இரவே வாசலில் வைத்துவிடுகிறார்கள். "கொஞ்சம் எடுங்க" என்றால் "மாடி வீட்டுக்காரர் முதல்ல எடுக்கட்டும்" என்று பதில் வருகிறது. சண்டை வராமல் இதை எப்படிச் சரிசெய்வது, எங்கிருந்து தொடங்குவது என்பது அவர் கேள்வி.

நான் பெரம்பூரில் 18 வீடுகள் உள்ள ஃபிளாட்டில் 11 வருடம் செயலாளராக இருந்தவன். வேலை பார்த்தது எலெக்ட்ரிகல் சூப்பர்வைசராக. இரண்டிலும் பட்டதை வைத்துச் சொல்கிறேன்.

பொது இடத்தில் கிடக்கும் ஒவ்வொரு சாமானுக்குப் பின்னாலும் ஒரு தேவை இருக்கிறது. இதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். நம் பக்கத்துப் பழைய ஃபிளாட்கள் 450, 500 சதுர அடிதான். அதில் நான்கு பேர், சில வீடுகளில் ஆறு பேர். சைக்கிளை உள்ளே வைத்தால் ராத்திரி பாய் விரிக்க இடம் இருக்காது. அதனால்தான் அது படிக்கட்டுக்கு வந்தது. வேறு இடம் காட்டாமல் "எடு" என்றால் யாரும் எடுக்க மாட்டார்கள், எடுத்தாலும் அடுத்த வாரம் திரும்ப வந்துவிடும். என் முதல் இரண்டு வருடம் இப்படித்தான் போனது. நோட்டீஸ் ஒட்டினேன், அபராதம் என்று எழுதினேன், ஒரு வீட்டாரோடு பேச்சே நின்றுபோனது. அப்புறம்தான் வழியை மாற்றினேன். ஆபத்தான மூன்று இடங்களில் மட்டும் கண்டிப்பு, மற்ற எல்லாவற்றுக்கும் மாற்று இடம். அந்த மூன்று: ஈபி பாக்ஸ், படிக்கட்டு, தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியான சம்பின் மூடி. நீங்களும் இந்த வரிசையிலேயே போங்கள். பெருக்குவது, கழுவுவது, பெயின்ட் அடிப்பதெல்லாம் பிறகு.

ஈபி பாக்ஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வடசென்னையில் 20, 30 வருடத்துக்கு முன் கட்டிய ஃபிளாட்களில் பெரும்பாலும் மீட்டர் பலகை படிக்கட்டுக்குக் கீழேயோ, ஏறும் வழியிலோதான் இருக்கும். கட்டிடத்தின் மொத்த கரண்டும் வந்து சேரும் இடமும், எல்லாரும் தப்பித்து ஓட வேண்டிய வழியும் ஒன்றாகவே அமைந்துவிட்டது. எங்கள் ஃபிளாட்டிலும் அப்படித்தான். ஒரு நவம்பர் மாதம், மழை விட்ட சாயங்காலம், ஏழு மணி இருக்கும். பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. கீழே ஓடிப் பார்த்தால் ஃபியூஸ் கம்பியைத் தாங்கும் கட்டையான ஃபியூஸ் கேரியர் ஒன்றில் வயரின் உறை கருத்து உருகிக்கொண்டிருந்தது. உருகியது சொட்டுச் சொட்டாகக் கீழே இருந்த பழைய பேப்பர் மூட்டை மேல் விழுந்தது. மூட்டையின் ஒரு ஓரம் சிவந்து புகைய ஆரம்பித்திருந்தது. அங்கிருந்து ஒன்றரை அடியில் பெட்ரோல் டேங்க் நிறைந்த ஒரு பைக். பக்கத்து வீட்டுப் பையன் வாளித் தண்ணீரோடு வந்துவிட்டான். அவன் கையைப் பிடித்து நிறுத்தினேன். கரண்ட் ஓடும் பலகையில் தண்ணீர் ஊற்றியிருந்தால் அவனுக்குத்தான் முதலில் ஆபத்து. மெயினை இறக்கினோம். மூட்டையைக் காலால் தள்ளி வெளியே இழுத்தோம். எதிர்வீட்டில் கட்டிட வேலைக்காகக் கொட்டியிருந்த மணலை அள்ளிப் போட்டோம். எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிடம் இருக்கும். அதற்குள் புகை படிக்கட்டு வழியாக மேலே ஏறிவிட்டது. இரண்டாவது மாடிப் பாட்டி கதவைத் திறந்து, இருமி, திரும்ப உள்ளே போய் மூடிக்கொண்டார். படிக்கட்டு என்பது புகைக்குப் புகைபோக்கி மாதிரி என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

பழைய பீங்கான் ஃபியூஸ் கேரியரில் கம்பி தளர்ந்திருந்தால் அந்த இடம் சூடேறும். ஏசி, ஹீட்டர், இண்டக்‌ஷன் அடுப்பு என்று வீட்டில் சுமை ஏற ஏற இன்னும் சூடாகும். கட்டும்போது போட்ட வயர் அன்றைய சுமைக்கானது. ஆகவே உங்கள் முதல் வேலை, உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்து, சங்கத்தின் பக்கமுள்ள வயரிங்கை எல்லாம் பார்க்கச் சொல்வது. சீல் வைத்த பகுதி மின்வாரியத்துக்குச் சொந்தம், அதை யாரும் திறக்கக் கூடாது. அங்கே கருகல் தெரிந்தால் மின்வாரியத்தில் புகார் கொடுங்கள். பொது மோட்டாருக்கும் படிக்கட்டு விளக்குக்கும் ஃபியூஸ் இருந்தால், சுமை மீறினால் தானே இறங்கிவிடும் எம்சிபி சுவிட்சாக மாற்றுங்கள். மோட்டார் லைனில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம் போடுங்கள். ஈரக் கையோடு மோட்டார் சுவிட்சைத் தொடுவது நம் வீடுகளில் தினமும் நடக்கிறது. கரண்ட் உடம்பு வழியாகக் கசிந்தால் இந்த ஆர்சிசிபி நொடிக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த் குழி எங்கே என்றும் கேளுங்கள். பல ஃபிளாட்களில் டைல்ஸ் ஒட்டி மூடியிருப்பார்கள், அல்லது அதன் மேல் கார் நிற்கும். கோடையில் அந்தக் குழி காய்ந்துபோனால் எர்த் இருந்தும் பலனில்லை. தண்ணீர் ஊற்றி ஈரமாக வைத்து, வருடத்துக்கு ஒருமுறை அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

பாக்ஸுக்கு முன்னால் மூன்றடி தூரத்துக்குத் தரையில் மஞ்சள் பெயின்டால் ஒரு கட்டம் போடுங்கள். அந்தக் கட்டத்துக்குள் ஒரு துடைப்பம்கூட இருக்கக் கூடாது. இதில் மட்டும் தாட்சண்யம் பார்க்காதீர்கள். பக்கத்திலேயே ஆறு கிலோ ஏபிசி பவுடர் தீயணைப்பான் ஒன்று, ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து வாங்கி, எட்டும் உயரத்தில் மாட்டுங்கள். அதன் முள் பச்சையில் நிற்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். வாங்கியதோடு விட்டுவிடாமல், பின்னை உருவுவது, குழாயை நெருப்பின் அடிப்பாகத்துக்குக் காட்டுவது, கைப்பிடியை அழுத்துவது, இடவலமாக வீசுவது இதையெல்லாம் ஒவ்வொரு வீட்டிலும் ஒருவராவது கையில் பிடித்துப் பழகியிருக்க வேண்டும். பெண்களுக்கும் சொல்லிக்கொடுங்கள். பகலில் வீட்டில் இருப்பது பெரும்பாலும் அவர்கள்தான்.

கார்த்திகை தீபம் வரும்போது இன்னொன்று. படிக்குப் படி அகல் வைப்பது நம் பழக்கம், அழகும்கூட. விட வேண்டாம். கீழ்ப் படிக்கட்டில், பாக்ஸ் பக்கமும் பைக் பக்கமும் மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே ஒரு பெரிய கோலம் போட்டால் போதும்.

அடுத்தது படிக்கட்டு. நம் பழைய ஃபிளாட்களில் படிக்கட்டின் அகலமே மூன்று, மூன்றரை அடிதான். அதில் ஒரு சைக்கிளும் ஒரு செருப்பு ஸ்டாண்டும் இருந்தால் ஒரு ஆள் ஒருக்களித்துத்தான் போக முடியும். தீப்பிடித்தால் என்ன ஆகும் என்று சொன்னால் பலருக்கு அது தூரத்து விஷயமாகத் தெரிகிறது. 108 வந்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள், உடனே புரியும். எங்கள் மூன்றாவது மாடிப் பெரியவருக்கு மூச்சுத்திணறல் வந்தபோது ஸ்ட்ரெச்சரைத் திருப்ப லேண்டிங்கில் இடமில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நான்கு பேர் தூக்கி இறக்கினோம். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று யாருடைய தண்ணீர் கேனையாவது நகர்த்த வேண்டியிருந்தது. அவர் பிழைத்துக்கொண்டார். மறுநாள் யாரும் சொல்லாமலே இரண்டு வீட்டார் கேனை உள்ளே எடுத்துக்கொண்டார்கள். உங்கள் கூட்டத்தில் விதியைப் படிப்பதைவிட, உங்கள் கட்டிடத்தில் இருக்கும் வயதானவர்களின் பெயரைச் சொல்லி, "இவங்களை இறக்கணும்னா எப்படி இறக்குவோம்?" என்று கேளுங்கள். முடிந்தால் ஒரு காலி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேலிருந்து கீழே வரை இறங்கியே பாருங்கள். எங்கே இடிக்கிறதோ அங்கே இருப்பதுதான் முதலில் எடுக்க வேண்டிய சாமான்.

சரி, எடுத்ததை எங்கே வைப்பது? செருப்புக்கு, சுவரோடு ஒட்டிய, ஆழம் குறைந்த, கதவு சாய்ந்து திறக்கும் ஸ்டாண்டு கிடைக்கிறது. வீட்டு வாசலின் பக்கவாட்டில் இடம் இருந்தால் ஒன்பது வீட்டுக்கும் ஒரே மாதிரி மாட்டுங்கள், இரும்போ ஃபைபரோ. மர ஸ்டாண்டு வேண்டாம். ஒரே மாதிரி இருந்தால் "அவங்க வீட்டு முன்னாடி மட்டும்" என்ற பேச்சு வராது. சைக்கிளுக்கு, மதில் ஓரம் சுவரில் கொக்கி அடித்துச் செங்குத்தாக மாட்டலாம். குறைந்த இடத்தில் மூன்று சைக்கிள் நிற்கும். எங்கள் ஃபிளாட்டில் படிக்கட்டை விட்டு முதலில் போனது சைக்கிள்தான், காரணம் அதற்கு நல்ல இடம் கிடைத்தது. இருபது லிட்டர் கேன்களில் காலியானதைக் கடைக்காரர் திரும்ப எடுக்கும் வரை வைக்க, கேட்டுக்கு உள்பக்கம் ஒரு கம்பி ஸ்டாண்டு போதும். உடைந்த நாற்காலி, பழைய மெத்தை, ஓடாத கிரைண்டர் இவற்றுக்கு மட்டும் மாற்று இடம் தேடாதீர்கள். அவை போக வேண்டியவை. பழைய சோபா, மெத்தை மாதிரியான பெரிய சாமான்களை வீட்டுக்கே வந்து எடுத்துப்போகும் ஏற்பாட்டை மாநகராட்சி 2025-ல் தொடங்கியது. 1913-க்குப் போன் செய்து கேட்டுக்கொள்ளலாம்.

படிகளையும் பாருங்கள். மொசைக் படிகள் 20 வருடத்தில் விளிம்பு மழுங்கி வழவழப்பாகிவிடும். விளிம்பில் வழுக்காத டேப் ஒட்டுங்கள். முதல் படிக்கும் கடைசிப் படிக்கும் வெள்ளைக் கோடு அடியுங்கள், கண் மங்கியவர்கள் அந்த இரண்டில்தான் தடுமாறுவார்கள். படியைக் கழுவுவதைப் பதினொரு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடம், ஆபீஸ் போகிற நேரத்தில் ஈரப்படி இருக்கக் கூடாது. கழுவிய தண்ணீர் ஈபி பாக்ஸ் பக்கம் வழியாமல் பார்க்க வேண்டும்.

விளக்குச் செலவுக்குப் பயந்து இருட்டில் விடும் ஃபிளாட்கள் நம் பக்கம் நிறைய. கணக்குப் போட்டுக் காட்டுங்கள். 9 வாட் எல்இடி ஐந்து, இரவு 11 மணி நேரம் எரிந்தால் நாளைக்கு அரை யூனிட், மாதத்துக்கு 15 யூனிட். யூனிட் பத்து ரூபாய் என்றே வைத்தாலும் 150 ரூபாய், வீட்டுக்கு 17 ரூபாய்கூட வராது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். பத்து வீட்டுக்கு மேல் போகாமல், மூன்று மாடிக்கு மிகாமல், லிஃப்ட் இல்லாமல் இருக்கும் குடியிருப்புகளுக்குப் பொதுப் பயன்பாட்டு மின்கட்டணத்தை 2023 நவம்பரில் யூனிட்டுக்கு 8 ரூபாய் 15 காசிலிருந்து 5 ரூபாய் 50 காசாகக் குறைத்தார்கள். பிறகு விலை மாறியிருக்கிறது, ஆனாலும் சிறிய ஃபிளாட்டுக்குத் தனி விகிதம் என்பது இருக்கிறது. உங்கள் ஒன்பது வீடும் இதில் வரும். பொது இணைப்பின் பில் எந்த விகிதத்தில் வருகிறது என்று ஒருமுறை பார்த்து, தவறாக இருந்தால் எழுதிக் கொடுங்கள்.

எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் இன்னும் உங்கள் ஃபிளாட்டுக்கு வரவில்லை என்றாலும் சீக்கிரம் வரும். முதல் மாடி ஜன்னலிலிருந்து கீழே வரை எக்ஸ்டென்ஷன் வயர் தொங்கவிட்டு சார்ஜ் போடுவதை இன்றைக்குத் தெருவுக்குத் தெரு பார்க்கிறேன். மழையில் நனைந்த வயர், கேட்டில் நசுங்கிய வயர். இதற்கும் "கூடாது" என்று சொல்லி முடியாது, அப்படிச் சார்ஜ் போடுகிற பிள்ளை பெரும்பாலும் டெலிவரி வேலைக்குப் போகிறவன், வண்டி அவன் சோறு. படிக்கட்டிலிருந்து தள்ளி, மதில் பக்கம், மழை படாத ஒரு இடத்தில் 16 ஆம்ப் பாயின்ட் ஒன்று, அதற்கென்று தனி எம்சிபி, ஆர்சிசிபி, ஒரு சப் மீட்டர். யூனிட்டுக்கு ஆன காசை அவர் கட்டிவிடுவார். வண்டி ஓடி வந்த சூட்டோடு சார்ஜில் போடக் கூடாது, கம்பெனி சார்ஜரைத்தான் பயன்படுத்த வேண்டும், கழற்றும் பேட்டரியைப் படிக்கட்டில் வைத்துச் சார்ஜ் போடவே கூடாது. லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் நாம் வைத்திருக்கும் பவுடரால் அதன் உள்சூட்டைத் தணிக்க முடியாது. எல்லாரையும் வெளியே கூட்டிக்கொண்டு 101-க்குப் போன் செய்வது ஒன்றே வழி.

மூன்றாவது சம்ப். இதை நான் கடைசியாகச் சொன்னாலும் நீங்கள் இன்றைக்கே போய்ப் பாருங்கள். குனிந்து, மூடியின் ஓரத்தைக் கையால் தடவிப் பாருங்கள். இரும்புத் தகடாக இருந்தால், கடல் காற்றில் ஓரம் பொடிப்பொடியாக உதிரும். எங்கள் மூடி மேலே பச்சைப் பெயின்டோடு பளபளவென்று இருந்தது. திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் இலை இலையாகத் துரு, நடுவில் ஒரு விரல் நுழையும் ஓட்டை. அதன் மேல்தான் குழந்தைகள் தினமும் பாண்டி ஆடிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாளே ஃபைபர் மூடி, பூட்டுப் போடும் சட்டத்தோடு வாங்கிப் போட்டோம். உள்ளே ஒரு கம்பி வலையும் வைத்தோம், மூடியைத் திறந்து வைத்திருக்கும் நேரத்திலும் குழந்தை விழாமல் இருக்க.

சம்ப் கழுவ ஆள் இறக்கும்போது தயவுசெய்து அவசரப்படாதீர்கள். மூடியே கிடக்கும் சம்பில் காற்றில் பிராணவாயு குறைந்திருக்கும். இறங்கியவர் மயங்குவார், அவரைத் தூக்க இறங்கியவரும் மயங்குவார். செய்தித்தாளில் இரண்டு பேர், மூன்று பேர் சேர்ந்து இறந்ததாக வருவதெல்லாம் இப்படித்தான். முதல் நாளே மூடியைத் திறந்து, சுற்றிலும் தடுப்பு வையுங்கள். தண்ணீரை மோட்டாரில் வெளியேற்றுங்கள். ஃபேன் வைத்து உள்ளே காற்று அடியுங்கள். இடுப்பில் கயிறு கட்டி இறக்கி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவர் மேலே நகராமல் நிற்க வேண்டும். பெட்ரோல் மோட்டாரைச் சம்புக்குள் வைக்கவே கூடாது. சாக்கடைக் குழியோ கழிவுநீர்த் தொட்டியோ என்றால் யாரையும் இறக்கவே கூடாது, எத்தனை அனுபவம் உள்ளவராக இருந்தாலும், அவரே "நான் பாத்துக்கிறேன்" என்று சொன்னாலும். 2013-ம் வருடச் சட்டம் அதைக் குற்றம் என்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் 500 ரூபாய்க்கு ஒரு மனிதரை அந்தக் குழிக்குள் அனுப்ப நமக்கு மனசு வரக் கூடாது. அடைப்பு எடுக்க மெட்ரோ வாட்டரின் இயந்திரத்தை வரவழையுங்கள், கழிவுநீர் அகற்ற 14420 என்ற எண் இருக்கிறது.

மொட்டை மாடியில் நம் ஊருக்கே உரிய ஒரு ஆபத்து காத்தாடி. ஜனவரியிலிருந்து கோடை விடுமுறை வரை பிள்ளைகள் வானத்தைப் பார்த்துக்கொண்டே பின்னால் நகர்வார்கள். கைப்பிடிச் சுவர் இடுப்புக்குக் கீழே இருந்தால் அதன் மேல் இரும்புக் குழாய் ஓட்டி உயர்த்துங்கள். சுவர் மேல் பூந்தொட்டி வைப்பதும் வேண்டாம், தரையில் வைக்கட்டும். மாஞ்சா நூல் சென்னையில் தடை செய்யப்பட்டது என்பதைப் பெற்றோரிடம் நேராகவே பேசுங்கள். மாடிக் கதவைப் பகலில் தாழ் மட்டும், இரவில் பூட்டு என்று வைத்து, சாவியைக் கதவருகே கண்ணாடிப் பெட்டியில் மாட்டுங்கள். கீழே புகை என்றால் மேலே ஓடுவதுதான் ஒரே வழியாகிவிடும் சமயம் உண்டு. வடகம் காயவைப்பவர்கள், துணி உலர்த்துபவர்கள், கருவாடு காயப்போடுபவர்கள் எல்லாருக்கும் அது தேவைப்படும் இடம், கிழமை பிரித்துக்கொண்டால் போதும்.

மேல்நிலைத் தொட்டி மூடி சரியாகப் பொருந்துகிறதா என்று பாருங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் முட்டை இடாது, நல்ல தண்ணீரில்தான் இடும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். நம் சென்னையில் மலேரியா பரப்பும் கொசுவும் தொட்டி, கிணறு என்று சுத்தமான தண்ணீரிலேயே பெருகுகிறது. ஆகவே வாரத்தில் ஒரு நாள், ஞாயிறு காலை என்று வையுங்கள், பூந்தொட்டித் தட்டு, உடைந்த வாளி, ஏசி தண்ணீர் சொட்டும் டப்பா எல்லாவற்றையும் கவிழ்த்துத் தேய்த்துவிட வேண்டும். தேய்ப்பது முக்கியம், காய்ந்த பாத்திரத்திலும் அந்த முட்டை மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டு உயிரோடு இருக்கும். மாநகராட்சியின் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வந்தால் மாடிச் சாவியைக் கொடுத்து மேலே அனுப்புங்கள். "வீட்ல யாரும் இல்ல" என்று திருப்பி அனுப்பும் வழக்கம் நம் பக்கம் இருக்கிறது. அது நமக்கே கேடு.

22 வருடக் கட்டிடம் என்கிறீர்கள். சன்ஷேடின் அடிப்பக்கத்தையும், மாடிப்படி சிலாபின் அடிப்பக்கத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். கொருக்குப்பேட்டை கடலிலிருந்து சில கிலோமீட்டர்தான். உப்புக் காற்று கான்கிரீட்டுக்குள் இறங்கி உள்ளே இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும், அதனால் கம்பி ஓடும் திசையிலேயே நீளமாக விரிசல் விடும். அந்த நீள விரிசலைக் கண்டால் அது வெறும் பூச்சு விரிசல் இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒரு நாள் காலை எங்கள் சன்ஷேடிலிருந்து தேங்காய் அளவுக்கு ஒரு துண்டு பெயர்ந்து ஸ்கூட்டர் சீட்டில் விழுந்து கிடந்தது. பத்து நிமிடம் முன்னால் அந்த ஸ்கூட்டரில் ஒரு குழந்தை பள்ளிக்குப் போக ஏறி உட்கார்ந்து, டிபன் பாக்ஸ் மறந்ததால் இறங்கிப் போயிருந்தாள். மேஸ்திரியைக் கூப்பிட்டால் சிமென்ட் வைத்து மெழுகிவிட்டுப் போவார், அடுத்த மழைக்கு அது திரும்ப விழும். தளர்ந்த கான்கிரீட்டைக் கொத்தி எடுத்து, கம்பியைத் துரு போகத் தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு அடித்து, அதற்கென்று வரும் பாலிமர் கலவையால் கட்ட வேண்டும். தூணிலோ பீமிலோ விரிசல் என்றால் மேஸ்திரியோடு நிற்காமல் கட்டிடப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 2021 டிசம்பரில் குடிசை மாற்று வாரிய அடுக்குமாடி ஒன்று இடிந்து விழுந்தது நினைவிருக்கும். விரிசலைக் கண்டு அங்கே இருந்தவர்கள் முன்கூட்டியே வெளியேறியதால் ஓர் உயிரும் போகவில்லை. விரிசலைப் பார்த்தவர் சொன்னார், கேட்டவர்கள் நம்பினார்கள். உங்கள் ஃபிளாட்டில் யாராவது "சுவர்ல ஏதோ கோடு தெரியுது" என்று சொன்னால் அன்றைக்கே போய்ப் பாருங்கள்.

மழைக்காலத்துக்கு ஒன்று மட்டும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, புளியந்தோப்பு எல்லாம் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன. அப்போது உங்கள் கட்டிடத்தில் தண்ணீர் எந்த உயரம் வந்தது என்று பழைய ஆட்களைக் கேட்டுச் சுவரில் ஒரு கோடு போட்டுவையுங்கள். ஈபி பாக்ஸ் அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தால், உயர்த்தித் தரச் சொல்லி மின்வாரியத்தில் இப்போதே விண்ணப்பியுங்கள். சம்ப் வாய் அதற்குக் கீழே இருந்தால் ஓர் அடி செங்கல் கட்டு எழுப்புங்கள், இல்லாவிட்டால் தெருச் சாக்கடை குடிதண்ணீரில் கலக்கும்.

குப்பை விஷயம் நீங்கள் நினைப்பதைவிடச் சுலபம். இரவே வாசலில் வைப்பதற்குக் காரணம், வண்டி வரும் நேரத்தில் அவர்கள் வீட்டில் இல்லை. கீழே மூடியோடு இரண்டு பெரிய டப்பா, ஈரக் குப்பைக்கு ஒன்று, காய்ந்த குப்பைக்கு ஒன்று. நாப்கின், டயப்பரைப் பேப்பரில் சுற்றித் தனியாக. மீன் கழுவிய கழிவை வாரத்தில் இரண்டு மூன்று நாள் எல்லா வீட்டிலும் பார்க்கலாம், அதைக் கட்டி ஃபிரீசரில் வைத்துக் காலையில் போடச் சொல்லுங்கள். பூனை, எலி, நாய்த் தொல்லை பாதி அதிலேயே குறையும். கண்ணாடித் துண்டை மட்டும் தனியாகச் சுற்றி, மேலே எழுதி வைக்கச் சொல்லுங்கள். பிரிப்பவர் கை கிழிவதை நான் பார்த்திருக்கிறேன். படி பெருக்கும் அம்மாவுக்குக் கையுறை வாங்கிக் கொடுங்கள், துடைப்பம் வைக்க ஓர் இடமும், கைகால் கழுவ ஒரு குழாயும், அவசரத்துக்குப் போக ஒரு கழிப்பறையும் இருக்கிறதா என்று கேளுங்கள். அநேகமாக யாரும் அவரிடம் இதுவரை கேட்டிருக்க மாட்டார்கள்.

கடைசியாகக் கூட்டம். ஓனர்களை மட்டும் கூப்பிட்டுப் பேசினால் பாதிப் பேர் வெளியூரில் இருப்பார்கள். படிக்கட்டில் நடப்பது வாடகைக்கு இருப்பவர்கள். அவர்களையும் உட்காரவையுங்கள், நாற்காலி போட்டு, டீ கொடுத்து. வீட்டில் இருக்கும் பெண்களுக்கு வசதியான நேரமாக, ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 1994-ல் வந்ததை மாற்றி 2022-ல் புதிதாக இயற்றப்பட்டு 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. படிக்கட்டு, மாடி, சம்ப் எல்லாம் பிரிக்க முடியாத பொதுச் சொத்து, ஒருவர் மட்டும் பிடித்துவைத்துக்கொள்ள முடியாது. சட்டம் உங்கள் பின்னால் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள், ஆனால் முதல் கூட்டத்தில் அதை எடுக்காதீர்கள். "மாடி வீட்டுக்காரர் முதல்ல எடுக்கட்டும்" என்பவருக்குப் பதில், எல்லாரும் ஒரே நாளில் எடுப்பதுதான். முதலில் உங்கள் வீட்டுச் சாமான் போகட்டும். மாதக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் கீழே ஒட்டுங்கள், பூட்டு வாங்கிய 80 ரூபாய் உட்பட. கணக்கு ஒட்டிய மாதத்திலிருந்து எங்கள் ஃபிளாட்டில் மெயின்டெனன்ஸ் பாக்கி குறைந்தது.

அந்த ஒரே நாளுக்குப் போகிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வாரத்தில் பழையதை வெளியே தள்ள எல்லார் மனசும் தயாராக இருக்கும், வேறு எந்த மாதத்திலும் அது கிடைக்காது. எதையும் எரிக்க வேண்டாம், டயரும் பிளாஸ்டிக்கும் எரிந்த புகையில் அன்றைக்கு நம் பகுதியில் மூச்சு விடவே முடிவதில்லை. பழைய பேப்பர் கடைக்காரரை வண்டியோடு காலை எட்டு மணிக்கே வரச் சொல்லிவிடுங்கள். அவர் கொடுக்கும் பணத்தைச் சங்கக் கணக்கில் போட்டு, தொகையைத் தாளில் எழுதுங்கள். எங்களுக்கு முதல் வருடம் 1,140 ரூபாய் கிடைத்தது, அதில்தான் சைக்கிள் கொக்கிகள் வாங்கினோம். ஆனால் ஈபி பாக்ஸுக்கு முன்னால் இருப்பதையும் சம்ப் மூடியையும் போகி வரை தள்ளிப்போடாதீர்கள். அந்த இரண்டும் இந்த வாரமே.